தோட்டத்து ஊரில் மர்மக் கதை எழுதுவது எப்படி: கருவிலிருந்து கடைசித் திருத்தம் வரை

மலேசியாவின் ரப்பர்த் தோட்டத்து ஊரில் இரகசியம் தங்குவதில்லை. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் சுவர் வெறும் பலகை. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மூன்றாவது வீட்டில் கஷாயம் கொதிக்கும். யார் கடையில் எவ்வளவு பற்று, யார் மகள் யாரோடு பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தாள், தோட்ட நிர்வாகியான துரையின் கார் எந்தப் பாதையில் எத்தனை மணிக்குப் போனது, எல்லாம் பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் இங்கே மர்மத்துக்கு இடம் எங்கே? யாரும் பார்க்காத கொலை, யாருக்கும் தெரியாத கொலையாளி என்று தொடங்கினால் உள்ளூர் வாசகர் நம்ப மாட்டார். பத்துப் பேருக்குப் பாதி பாதி தெரியும், பத்துப் பேரும் பத்துக் காரணத்துக்காக வாயைத் திறக்க மாட்டார்கள் என்று எழுதுங்கள், நம்புவார். தோட்டத்து ஊர்க் கதையில் துப்பறிபவர் தேட வேண்டியது மறைந்திருக்கும் மனிதனை அல்ல, கண்டும் காணாதவர்களின் காரணங்களை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது. விளக்குவதற்காக, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை வைத்து ஒரு கதையைப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறேன்.

முதல் படி: ஊரையும் ஆண்டையும் முடிவு செய்யுங்கள்

ஊர் உண்மையாக இருக்கட்டும், தோட்டம் கற்பனையாக இருக்கட்டும். உண்மையான தோட்டத்தின் பெயரை வைத்தால், அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த ஒவ்வொரு குடும்பமும் கதைக்குள் தன் மாமனையும் சித்தப்பாவையும் தேடும். ஊர்ப் பெயர் உண்மையாக இருந்தால் ரயில் நிலையம், சந்தை, ஈப்போவுக்குப் போகும் சாலை எல்லாம் உழைக்காமலே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

ஆண்டைத் தேர்ந்தெடுப்பது இதைவிட முக்கியம். நம் தோட்டங்களின் வரலாறே மர்மக் கதைகளின் களஞ்சியம். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. திரும்பி வந்த ஒருவன் இறந்துபோன நண்பனின் பெயரில் வந்தால்? 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுடப்பட்டார்கள். 1960 வரை நீடித்த அவசரகாலம் அதையொட்டித்தான் அறிவிக்கப்பட்டது. யாருக்குச் சோறு கொடுத்தாய், யாரைக் காட்டில் பார்த்தாய் என்ற கேள்விகளுக்குத் தெரியாது என்று பதில் சொல்லியே ஒரு தலைமுறை உயிர் பிழைத்தது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது பலர் பிறந்த மண்ணை விட்டே கப்பல் ஏறினார்கள். வீட்டையும் பொருளையும் யார் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்?

நான் எடுத்துக்கொள்வது 1982 ஜனவரி. அந்த ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. நேற்றுவரை ஆறு மணி என்று சொன்ன நேரம் இன்று முதல் ஆறரை. சாட்சியத்தை வைத்துக் கதை கட்டுபவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடைக்காது. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் முள்ளைத் திருப்பியிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: குற்றத்துக்கு முன் மௌனத்தைத் தீர்மானியுங்கள்

பெரும்பாலான புதிய எழுத்தாளர்கள் கொலையிலிருந்து தொடங்குகிறார்கள். கத்தி, கயிறு, கிணறு என்று தேடுகிறார்கள். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஊர் எதைப் பற்றி வெளியாரிடம் பேசாது என்று முதலில் கேளுங்கள்.

நம் கதைக்கு நான் எடுப்பது கூட்டு, அதாவது சீட்டுப் பணம். இருபது பெண்கள், மாதம் ஆளுக்கு இருபது வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் நானூறு. மாதம் ஒருத்தி ஏலத்தில் எடுப்பாள். மகளின் சடங்கு, மகனின் பள்ளிச் சீருடை, கூரைத் தகரம் எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடக்கும். ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே கூட்டு என்ற நம் சொல் இருக்கிறது. ஆகவே கூட்டுப் பணம் காணாமல் போனால் காவல் நிலையத்துக்குப் போக முடியாது. கூட்டு பிடித்த, அதாவது அதை நடத்திய, பெண் இறந்துபோனாலும், ஏன் இறந்திருப்பாள் என்று போலீஸிடம் வாய் திறக்க முடியாது.

கூட்டுப் பிடிப்பவருக்கு அஞ்சலை என்று பெயர் வைப்போம். பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பெண், நாற்பத்தைந்து வயது, கணக்கில் கெட்டி. ஜனவரி 4, திங்கட்கிழமை விடியலுக்கு முன், தன் நிரையில் (அவளுக்கு ஒதுக்கிய மர வரிசையில்) இறந்து கிடக்கிறாள். அவள் இடுப்பில் எப்போதும் செருகி வைத்திருக்கும் கூட்டு நோட்டு காணவில்லை.

இப்போது ஒரு தாளை எடுத்து, யாருக்கு என்ன தெரியும், ஏன் சொல்லவில்லை என்று எழுதுங்கள். மண்டோரின் (வேலை மேற்பார்வையாளரின்) மனைவி கணவனுக்குத் தெரியாமல் கூட்டில் இருக்கிறாள்; நோட்டைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை. வாலிபன் ஒருவனைப் பார்க்கப் போய்த் திரும்பிய ஒரு பெண் பாதையில் சைக்கிள் வெளிச்சத்தைப் பார்த்தாள். சொன்னால், அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். கூட்டுப் பணத்தைப் போன மாதங்களிலேயே எடுத்துவிட்ட இருவர், நோட்டு தொலைந்தால் நல்லது என்று உள்ளூர நினைக்கிறார்கள். அந்த நினைப்பே அவர்களைக் கூசவைக்கிறது. கடைசி வீட்டுப் பாட்டி மட்டும் உண்மையை அப்படியே சொல்கிறாள். அவள் சொன்னதை எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இந்தத் தாள் முழுமையானால் கதையின் முக்கால் பங்கு முடிந்த மாதிரி. ஒவ்வொரு அத்தியாயமும் ஒருவரின் வாய்ப்பூட்டு திறக்கும் கதை. அவரவர் காரணம் அவரவருக்கு நியாயமாக இருக்க வேண்டும். வாசகர், நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைத்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

மூன்றாம் படி: உண்மைக் காரணத்தை மௌனத்துக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள்

ஊரே நோட்டைக் கூட்டுக் கணக்காகப் பார்க்கிறது. நோட்டின் பின்பக்கங்களில் வேறு கணக்கு இருக்கிறது. தினமும் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், வாய்விட்டுச் சொன்ன எடையையும், மெட்ரோலாக் காட்டியதாக அவர் சொன்ன அளவையும் அஞ்சலை எழுதி வைத்திருக்கிறாள். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் மிதவைக் கருவிதான் மெட்ரோலாக்; வெட்டுக்காரரின் கூலி அந்த வாசிப்பில் ஏறி இறங்கும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டால் இருபது பெண்களுக்கும் எடை குறைகிறது. குறைந்த எடை செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில், ஆளே இல்லாத ஒரு பெயரில் ஏறியிருக்கிறது.

ஆகவே கொலையாளி கிராணி. கூட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று இருபது பெண்கள் காத்த மௌனம், அவர்களிடமிருந்தே திருடியவனைக் காப்பாற்றுகிறது. இந்தத் திருப்பம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால், வேறு ஊருக்கும் வேறு காலத்துக்கும் இதே முறையில் கதை செய்யலாம். கோயில் கணக்கு, பிறப்புப் பத்திரத்தில் தவறாக எழுதப்பட்ட பெயர், தோட்டம் துண்டாடப்பட்டபோது வந்த நஷ்ட ஈடு என்று சிறிய பயங்கள் எங்கும் இருக்கின்றன. சிறிய பயத்துக்குப் பின்னால் பெரிய குற்றத்தை நிறுத்துங்கள்.

நான்காம் படி: கேள்வி கேட்க உரிமை உள்ளவரைத் துப்பறிபவராக்குங்கள்

தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ்-வசந்தும் நம்மை வளர்த்தவர்கள். கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். கேள்வி கேட்பது அவர்கள் தொழில். பட்டணத்துக் கதைக்கு அது பொருந்தும். தோட்டத்தில் கறுப்புக் கோட்டு வந்து நின்றால் லயத்துக் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

எந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையக்கூடியவர் யார்? என் தேர்வு ஓய்வு பெற்ற தோட்டத்து டிரஸ்ஸர். பிரசவம் பார்த்தவர், பாம்புக்கடிக்குக் கட்டுப் போட்டவர், அடிபட்டு வந்த மனைவியிடம் 'படியில் விழுந்தேன்' என்ற பொய்யைக் கேட்டுக்கொண்டு மருந்து தடவியவர். ஊரின் பாதி இரகசியம் அவர் பழைய நோயாளிப் பதிவேட்டில் இருக்கிறது. அவருக்கும் மௌனம் பழக்கம். மற்றவர்களின் வாயைத் திறக்க வேண்டுமானால், முன்பு தான் மூடி வைத்த ஒன்றை அவர் முதலில் திறந்தாக வேண்டும். இந்த உள்போராட்டம் இல்லாவிட்டால் துப்பறிபவர் வெறும் கேள்வி இயந்திரமாகிவிடுவார்.

ஐந்தாம் படி: தடயங்களை வேலையிலிருந்து எடுங்கள்

அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்தவர். 1920-ல் வந்த அவருடைய முதல் நாவலில் நஞ்சு அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு அதுதான் காரணம். நமக்கு மருந்தகம் தேவையில்லை. பால்மரம் போதும்.

வெட்டுக்காரர் விடியலுக்கு முன்னே போவது ஏன்? இரவின் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. ஆகவே மழை பெய்த காலையில் ஒருவன் வெட்டப் போனேன் என்று சொன்னால் அவன் பொய் சொல்கிறான், கேட்ட எல்லாருக்கும் அது தெரியும். பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும் காலத்தில் தோட்டத்துக்குள் வெகு தூரம் கண்ணுக்குத் தெரியும். மற்ற மாதங்களில் தெரியாது. ஒரு மரத்தின் வெட்டுக் கோட்டைப் பார்த்து, பட்டை எவ்வளவு தடிப்பாகச் சீவப்பட்டிருக்கிறது, காயம் பட்டிருக்கிறதா என்று பார்த்து, இது யார் கை என்று சொல்லிவிடும் மண்டோரைக் கதையில் வைக்கலாம்.

அஞ்சலையின் நிரைக்கு வருவோம். டிரஸ்ஸர் குனிந்து ஒவ்வொரு மரமாகப் பார்க்கிறார். வெட்டுக்கோட்டில் புதிய ஈரம். கோட்டின் மேல் முந்தைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பால் உரிக்கப்பட்டு அவள் பையில் இருக்கிறது. பால் சேரும் கிண்ணமான மங்கு நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது, அதில் விரல் கனத்துக்குப் பால். முப்பதாவது மரம் வரை இப்படி. முப்பத்தொன்றாவது மரத்தில் ஒட்டுப்பால் பாதி உரிந்து தொங்குகிறது. மங்கு இன்னும் கவிழ்ந்தே இருக்கிறது. மரத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தால் முப்பது மரம் கால் மணி நேரம். அவள் நிரையில் இறங்கியது ஆறு பத்துக்கு என்று பக்கத்து நிரைக்காரி சொல்கிறாள். அப்படியானால் குற்றம் நடந்தது ஆறு இருபத்தைந்துக்கு. மரங்களே கடிகாரம்.

இப்போது பாட்டி. கிராணி காட்டுப் பாதையிலிருந்து சைக்கிளில் திரும்பியதை அவள் பார்த்தாள். எத்தனை மணிக்கு? "ஆறு அடித்தது" என்கிறாள். ஆறு மணிக்கு அஞ்சலை நிரையிலேயே இறங்கவில்லை. போலீஸ் கிராணியின் பெயரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறது.

பாட்டி வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை யாரும் திருப்பவில்லை என்பதுதான் விடை. அவளுடைய ஆறு, ஊரின் ஆறரை.

ஆறாம் படி: விடையை வாசகரின் கண் முன்னே வைத்துவிட்டு நகருங்கள்

இதுதான் மர்மக் கதையின் உயிர். கடைசியில் டிரஸ்ஸர் திடீரென்று கடிகாரத்தைக் கண்டுபிடித்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். இரண்டாம் அத்தியாயத்திலேயே வாசகர் அதைக் கேட்டிருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

டிரஸ்ஸர் திண்ணையில் உட்கார்ந்தார். பாட்டி கோப்பி கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வானொலியில் ஏழு மணிச் செய்தி தொடங்கியது. சுவர்க் கடிகாரம் ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

"பெரியம்மா, நன்றாக எண்ணினீர்களா?"

"நாற்பது வருஷமாக அதை எண்ணித்தானே ஐயா அடுப்பு மூட்டுகிறேன்."

"கிராணிதான் என்று எப்படித் தெரியும்? இருட்டாயிற்றே."

"அவருடைய இருமல் எனக்குத் தெரியாதா? போன தீபாவளியிலிருந்து இருமுகிறார். நீங்களாவது ஒரு மருந்து கொடுக்கக்கூடாதா?"

ஏழு மணிச் செய்திக்குக் கடிகாரம் ஒரு முறைதான் அடிக்கிறது. ஒரு அடி என்றால் அரை மணி. வாசகர் அதைப் படித்துவிட்டு இருமலைப் பின்தொடர்ந்து போய்விடுவார். முக்கியமான தடயத்தை வைத்த உடனே சுவையான வேறொன்றை வைப்பதுதான் உத்தி. கோனன் டாயில் 1892-ல் எழுதிய பந்தயக் குதிரைக் கதையில், இரவில் நாய் குரைக்காததே தடயம்; வந்தவன் நாய்க்குத் தெரிந்தவன். நடக்காத ஒன்றை வாசகர் கவனிப்பது அரிது. ஒரே முறை அடித்த கடிகாரத்தில், அடிக்காமல் போன ஆறு மணியோசைதான் நம் தடயம்.

ஏழாம் படி: சுலபமான குற்றவாளியை விலக்குங்கள்

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். ஐந்தாவது விதி, கதையில் சீனர் இருக்கக்கூடாது என்கிறது. படித்தவுடன் முகம் சுளிக்கும். அன்றைய மலிவுக் கதைகள் எதற்கெடுத்தாலும் ஒரு சீனரை மர்ம வில்லனாக்கியதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் அப்படி எழுதினார். நம் ஊரில் இன்றைய கதை எழுதுபவருக்கு அதே விதி வேறு முகத்தில் வருகிறது. தோட்டத்துத் தமிழர்கள் தாமான் என்ற நகரக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். லயங்களில் இப்போது வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். ஊர் முதலில் சந்தேகப்படுவது அவர்களைத்தான். கதையில் ஊர் அப்படிச் சந்தேகப்படட்டும், அது உண்மைதானே. நீங்கள் அதற்குத் துணை போகாதீர்கள். நம் தாத்தாக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய விதம் நமக்கு நினைவிருக்க வேண்டும்.

நாக்ஸின் இன்னொரு விதி, அமானுஷ்யம் விடையாக இருக்கக்கூடாது என்பது. முனியை ஊர் நம்புகிறது, முனி அடித்துவிட்டது என்று சொல்லவும் செய்யும். அதைக் கதையில் கொண்டு வாருங்கள், கேலி செய்யாமல். விடை மட்டும் மனிதனிடமிருந்து வரட்டும்.

எட்டாம் படி: சட்டத்தை ஆண்டோடு பொருத்துங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதில் சறுக்கினால் முழுக் கதையும் சாயும். 1982-ல் கொலைக்குக் கட்டாய மரண தண்டனை. வழக்கு ஜூரி முன் நடக்கும். ஜூரி முறை 1995 ஜனவரி 1 முதல் இல்லை. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீக்கப்பட்டது. இப்போது நீதிபதி மரண தண்டனையோ 30 முதல் 40 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். இன்றைய கதையில் கொலைச் சந்தேக நபரை மாஜிஸ்திரேட் அனுமதியோடு முதலில் 7 நாள், பிறகு இன்னும் 7 நாள் தடுத்து வைக்கலாம். இந்த இரண்டு வாரத்தைக் கதையின் கால எல்லையாக வையுங்கள். தவறான ஆள் உள்ளே இருக்க, நாள்கள் கரைவது தானாகவே விறுவிறுப்பைத் தரும். நஞ்சு எழுதுவதானால், பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் தடை. 2024-ல் நடக்கும் கதையில் ஒருவன் அதைக் கடையில் கேட்டு வாங்க முடியாது.

ஒன்பதாம் படி: உண்மைச் சம்பவத்தை எடுத்தால் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று கேளுங்கள்

1911-ல் கோலாலம்பூரில் எத்தெல் பிரவுட்லாக் என்ற ஆங்கிலேயப் பெண், ஈயச் சுரங்க நிர்வாகி ஒருவரைச் சுட்டுக் கொன்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, சிலாங்கூர் சுல்தானின் மன்னிப்பில் விடுதலையானார். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் அதை 1926-ல் வெளியான தொகுப்பில் சிறுகதையாக்கினார். பள்ளித் தலைமையாசிரியரின் மனைவியை ரப்பர் தோட்ட நிர்வாகியின் மனைவியாக்கினார், ஒரு கடிதத்தைச் சேர்த்தார், முடிவை மாற்றினார். தொழில்நுட்பம் கற்க அதைவிட நல்ல பாடம் குறைவு: உண்மையிலிருந்து எலும்பை எடுத்துக்கொண்டு, சதையைத் தானே வைத்தார். ஆனால் அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்தக் கதையில் குரல் இல்லை. துரை பங்களாவில் துப்பாக்கி வெடித்த இரவில் லயத்தில் யார் விழித்திருந்தார்கள் என்பது இன்னும் எழுதப்படாத கதை. எழுத விரும்புபவர்கள் அங்கே தொடங்கலாம்.

பத்தாம் படி: முடிவைப் பால் நிறுக்கும் இடத்தில் வையுங்கள்

ஆங்கிலக் கதைகளில் சந்தேக நபர்கள் எல்லாரையும் வரவேற்பறையில் உட்கார வைத்து விடை சொல்வார்கள். நமக்கு வரவேற்பறை இல்லை, பால் கொட்டகை இருக்கிறது. இருபது பெண்களும் வாளியோடு வரிசையில் நிற்கும் நேரம். டிரஸ்ஸர் நீளமாகப் பேசக்கூடாது. முதல் பெண் தன் எடையைத் தானே வாய்விட்டுச் சொல்கிறாள். அடுத்தவள் தன்னுடையதை. மண்டோரின் மனைவி, கணவன் பார்த்துக்கொண்டிருக்க, "நானும் அஞ்சலையிடம் கூட்டுப் போட்டேன்" என்கிறாள். கிராணியின் கையில் இருக்கும் மெட்ரோலாக் நடுங்குகிறது. துப்பறிபவர் விடையைச் சொல்வதைவிட ஊர் வாய் திறப்பது நூறு மடங்கு பலம்.

கடைசி வேலை: படிக்கக் கொடுப்பது

முதல் பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் மர்மக் கதைகளை விடாமல் படிப்பவர். எந்தப் பக்கத்தில் கிராணி மேல் சந்தேகம் வந்தது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு முன்னால் குறித்தால் கடிகாரத்தை இன்னும் ஆழமாக ஒளிக்க வேண்டும்; கடைசிவரை குறிக்கவில்லை என்றால் இன்னொரு இடத்தில் அதை அடிக்கவிட வேண்டும்.

மற்றவர் மரம் வெட்டியவராக இருக்க வேண்டும். படிக்கச் சிரமப்பட்டால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கதை எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார். பிரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடும் வரிசைக்கு) எத்தனை மணிக்கு நின்றீர்கள், மங்கை எந்தக் கையால் நிமிர்த்துவீர்கள், எடையில் சந்தேகம் வந்தால் அன்றைக்கு யாரிடம் போய்ச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தாமதித்தால் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, அவர் பேசும்வரை காத்திருங்கள்.